கோலாலம்பூரில் அலுவலகம் மாறுவது எப்படி: சிறிய கணக்காய்வு, சட்ட நிறுவனங்களுக்கு முழுமையான வழிகாட்டி

நான் நிர்வாகம் பார்ப்பது பதினெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில். வாடிக்கையாளர் நிறுவனங்களின் சட்டப் பதிவுகளைக் கவனிக்கும் நிறுவனச் செயலாளர் பணிக்கென்று தனியாக ஒரு செண்டிரியான் பெர்ஹாட்டும் (தனியார் நிறுவனம்) உண்டு. லெபோ அம்பாங்கில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த நாங்கள், கெரிஞ்சி எல்.ஆர்.டி ரயில் நிலையத்துக்குப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு மாறினோம். அப்புறம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் நிறுவனமும் ஜாலான் ஈப்போவில் ஒரு வரி ஆலோசகரும் மாறியபோது உதவிக்குப் போனேன்.

மூன்று இடத்திலும் அடி விழுந்தது வரிசையில்தான். என்னென்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதை முடித்தால்தான் எதைத் தொட முடியும் என்பதுதான் தெரியவில்லை.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாத அவகாசம், குறைந்தது ஒரு மாதம் இரண்டு இடத்துக்கும் வாடகை கட்டப் பணம், பழைய வாடகை ஒப்பந்தத்தின் நகல், முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஒரே ஒரு பங்குதாரர். நான்கு பங்குதாரர்களும் சேர்ந்து முடிவெடுப்பார்கள் என்றால், நாற்காலி நிறத்துக்கே ஒரு மாதம் போய்விடும்.

1. ஏன் மாறுகிறோம் என்று ஒரே தாளில் எழுதுங்கள்

இதைச் செய்யாமல் இடம் பார்க்கப் போனால், கண்ணாடிச் சுவரும் வரவேற்பறைப் பளிங்குமே முடிவெடுக்கும். வாடகை உயரும், பழைய தொல்லைகள் அப்படியே கூட வரும்.

எங்கள் தாளில் மூன்று காரணங்கள். முதலாவது படிக்கட்டு. முப்பது வருடமாக எங்களிடம் இருக்கும் ஒரு துணிக்கடை முதலாளிக்கு முட்டிவலி. கீழே சாலையோரம் காரை நிறுத்திவிட்டுப் போன் பண்ணுவார். “தம்பி, கணக்கைக் கீழே கொண்டு வாப்பா.” வெயிலில் கார்க் கதவோரம் நின்று, அவர் மடியில் கோப்பை வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கையெழுத்து வாங்குவோம். பின்னால் வரும் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, இளையவர்கள் ஒன்றரை வருடத்தில் போய்விடுவது. மூன்றாவது, கோப்புகள் வைக்க இடமில்லாதது.

இவற்றை எண்ணிப் பார்க்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். போன வருடம் எத்தனை பேர் விலகினார்கள், மாதத்துக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் நேரில் வந்தார்கள், வாடகை போக வாகன நிறுத்தத்துக்கு எவ்வளவு கொடுத்தோம். மாறிய பிறகு லாபமா நட்டமா என்று பார்க்க இந்தப் பழைய எண்கள் வேண்டும். மாறிய பின் இவற்றைத் தேடி எடுக்க முடியாது.

போக்குவரத்தைப் பற்றிப் பங்குதாரர்களிடம் கேட்காதீர்கள். அவர்கள் காரில் வருபவர்கள். ஒரு தாளில் ஊழியர் பெயரையும் வீட்டுக்குப் பக்கத்து ரயில் நிலையத்தையும் எழுதிப் பாருங்கள். 50 வெள்ளி (ரிங்கிட்) மை50 பயண அட்டையில் மாதம் முழுக்க ரேபிட் கேஎல் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து போகிற பிள்ளைக்கு, புது இடம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லையென்றால் தினமும் கிராப் வாடகைக்கார்ச் செலவு. வெளியே சொல்லமாட்டார்கள், மூன்று மாதத்தில் ராஜினாமாக் கடிதம் வரும்.

“கௌரவமாக இருக்கும்” என்பது மட்டும்தான் காரணமென்றால் இன்னொரு முறை யோசியுங்கள். பளபளப்பான கட்டடத்தைப் பார்க்கும் சின்ன வியாபாரி, அடுத்து நம் கட்டணச் சீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்.

2. மாறும் நாளைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

டிசம்பர் 31-இல் கணக்காண்டு முடிக்கும் தனியார் நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குள் கணக்காய்வு செய்த அறிக்கையைத் தங்கள் பங்குகளை வைத்திருப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். வருமான வரிப் படிவங்களுக்கும் கெடு உண்டு: ஏப்ரல் 30 ஃபார்ம் பிஇ (தொழில் வருமானம் இல்லாத தனிநபர்), ஜூன் 30 ஃபார்ம் பி (தொழில் வருமானம் உள்ள தனிநபர்), ஜூலை 31 ஃபார்ம் சி (நிறுவனம்). மின்தாக்கலுக்கு (இணையம் வழி அனுப்புவதற்கு) தரும் சலுகை நாட்களையும் சேர்த்தால் ஆகஸ்டு கடைசி வரை யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை.

நம் வீட்டு நாட்காட்டி வேறு இருக்கிறது. ஜூலை நடுவில் தொடங்கும் ஆடியில் எங்கள் மூத்த பங்குதாரர் ஒரு ஸ்டேப்ளரைக்கூட இடம் மாற்றமாட்டார். அதை மூடநம்பிக்கை என்று வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஃபார்ம் சி நெருக்கடியும் ஆடியும் ஒரே சமயத்தில் வருவதால், அவர் சொல்வதும் வேலைக்கு வசதியாகவே அமைகிறது. புரட்டாசியில் தயங்குவோரும் உண்டு. அதற்கப்புறம் தீபாவளி.

கழித்துப் பார்த்தால் கணக்காய்வு நிறுவனத்துக்கு மிஞ்சுவது ஆவணியின் கடைசி இரண்டு வாரம்: செப்டம்பர் 1 முதல் 16 வரை. 16-ஆம் தேதி மலேசிய தினம், பொது விடுமுறை. வார இறுதியை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது.

இதில் ஒரு சிக்கல். செப்டம்பரில் மாற வேண்டுமென்றால் மார்ச்சில் தொடங்க வேண்டும். அது உச்ச வேலைக் காலம். அதனால்தான் நிர்வாகத்தில் ஒருவர், பங்குதாரர்களில் ஒருவர் என்று இருவரை மட்டும் இதற்கு ஒதுக்கச் சொல்கிறேன். வழக்கறிஞர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் விசாரணை நாட்காட்டியை வைத்து நாள் குறிக்க வேண்டும்.

3. பழைய ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள்

பார்க்க வேண்டியவை மூன்று. காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, அதை எந்த வடிவில் கொடுக்க வேண்டும், இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது.

மூன்றாவதில்தான் பணம் ஒளிந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட தடுப்புச் சுவர், தொங்கு கூரை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் பிடுங்கி, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று இருக்கலாம். அந்தச் செலவுக்கு இப்போதே ஒரு விலைப்பட்டியல் வாங்குங்கள். எங்களுடையது இரண்டு மாத டெபாசிட்டைக் கிட்டத்தட்ட விழுங்கும் அளவுக்கு வந்தது. முன்கூட்டியே தெரிந்ததால் வீட்டு உரிமையாளரிடம் பேச முடிந்தது. அடுத்து வருபவருக்கும் அந்தத் தடுப்பு பயன்படும் என்பதால் பாதியை அப்படியே விட ஒப்புக்கொண்டார். எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

முன்னறிவிப்பை மட்டும் இப்போதே கொடுத்துவிடாதீர்கள். புது இடம் கையெழுத்தாகும் வரை அது மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும்.

4. முதலில் கோப்பைக் குறையுங்கள், அப்புறம் சதுர அடியைப் பேசுங்கள்

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வது இங்கேதான். இருக்கும் இடம் 2,000 சதுர அடி, அதனால் புது இடமும் 2,000 என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த 2,000-இல் ஆட்களுக்கு எவ்வளவு, காகிதத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

நான்கு இழுப்பறை கொண்ட இரும்பு அலமாரி ஒன்று, இழுப்பறையைத் திறந்து நிற்கும் இடத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய 10 சதுர அடி எடுக்கும். சதுர அடிக்கு மாதம் 4.50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலமாரிக்கு மாதம் 45 வெள்ளி, வருடம் 540. எங்களிடம் இருந்தவை 22. அப்படியே கொண்டுபோயிருந்தால், பழைய காகிதம் குடியிருக்க மட்டும் வருடம் 11,880 வெள்ளி கட்டியிருப்போம்.

வருமான வரிச் சட்டமும் 2016 நிறுவனச் சட்டமும் கணக்குப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. அதைத் தாண்டியவற்றைத் தனியே பிரித்து, வழக்கோ வரித் தகராறோ நிலுவையில் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான மேலாளர் கையெழுத்திட்ட பிறகு அழியுங்கள். சிக்கல் உள்ளவை, நிறுவனப் பதிவேடுகள், கூட்டக் குறிப்புகள், மூல உயில்கள், நிலப்பட்டாக்கள் ஆகியவற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. வாடிக்கையாளரின் மூல ஆவணங்கள் நம்முடையவை அல்ல. ஒப்புகைச் சீட்டோடு அவர்களிடமே திருப்பித் தந்துவிடுங்கள்.

பழைய பேப்பர் வாங்குபவரிடம் மூட்டையாகப் போடுவது கூடவே கூடாது. அடையாள அட்டை நகலும் சம்பளப் பட்டியலும் அதில்தான் இருக்கும். வாசலுக்கே இயந்திர லோரி கொண்டுவந்து, நம் கண்ணெதிரே அரைத்துச் சான்றிதழ் தரும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு எங்களுக்கு ஒன்பது வாரம் பிடித்தது. சனிக்கிழமைகளில் இரண்டு பேர், மதியச் சாப்பாடு நிறுவனச் செலவு. 22 அலமாரி ஏழானது. 1,500 சதுர அடி போதும் என்று அப்போதுதான் தெரிந்தது.

5. இடம் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

கோலாலம்பூரில் காலி அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் பேரம் பேசத் தயங்காதீர்கள், அவசரமும் படாதீர்கள். ஓர் இடத்தை இரண்டு முறை பாருங்கள்: திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணி மழையில் ஒரு தடவை. முதல் தடவை மின்தூக்கி வரிசை தெரியும். இரண்டாவதில், அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவில் தண்ணீர் ஓடுகிறதா என்பதும், நிலையத்திலிருந்து நனையாமல் வர முடியுமா என்பதும் தெரியும்.

குளிர்சாதனத்தைக் கட்டாயம் கேளுங்கள். மையக் குளிரூட்டி உள்ள பல கட்டடங்களில் மாலை ஆறு மணியோடு அது நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மணிக்கணக்கில் தனிக் கட்டணம். மே, ஜூன் மாதங்களில் இரவு பத்து வரை ஆட்களை உட்கார வைக்கும் கணக்காய்வு நிறுவனத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. நாங்கள் வேண்டாம் என்று விட்ட ஒரு கட்டடம், வாடகையில் மலிவாக இருந்தும் இந்த ஒரு வரியால்தான் விலை உயர்ந்ததாகிவிட்டது.

இணையத்துக்கு, “ஃபைபர் இருக்கிறதா” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எந்தெந்த நிறுவனத்தின் ஃபைபர், இந்த மாடி வரை வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பக்கத்து அலுவலகக் கதவைத் தட்டிக் கேட்பதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த வழி. கைப்பேசியையும் அறையின் மூலையில் நின்று பேசிப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக: வாடகைக்குச் சொல்லும் சதுர அடியில் தூண்களும் பொது நடைபாதையும் சேர்ந்திருக்கின்றனவா, எத்தனை கார் நிறுத்துமிடம், மாதக் கட்டணம் என்ன, பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது, சரக்கு மின்தூக்கி உண்டா, சரக்கு இறக்கும் இடத்தின் கூரை உயரம் என்ன. தண்டவாளத்தில் நகரும் கோப்பு அலமாரி வைப்பதாக இருந்தால், தரை அந்த எடையைத் தாங்குமா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

6. ஆஃபர் கடிதம், ஒப்பந்தம், முத்திரை

ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு மாத முன்பணம் கட்டியதும் பேரம் முடிந்த மாதிரிதான். ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே கேட்டு, கடிதத்திலேயே எழுத வைக்க வேண்டும். “ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று முகவர் சொன்னால் பேனாவை மூடிவிடுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது வாடகையில்லாக் காலம். உள்வேலைக்காக ஒரு மாதமாவது தருவார்கள். அது சாவி கொடுத்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும், கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல. வழக்கறிஞர் நண்பர்கள் இந்த ஒரு சொல்லைக் கவனிக்கவில்லை. சாவி வர மூன்று வாரம் தாமதமானது. இலவச மாதத்தில் மிஞ்சியது ஒன்பது நாள். சட்டம் படித்தவர்கள்தான், தங்கள் சொந்தக் காகிதத்தை யாருக்கும் படிக்க நேரமில்லை.

அடுத்து, புதுப்பிக்கும் உரிமை. நம் நாட்டு நிலச் சட்டத்தில் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், மூன்று வருடமும் அதன்மேல் மூன்று வருடம் புதுப்பிக்கும் உரிமையும் என்று போடுவதுதான் வழக்கம். இரண்டாவது மூன்று வருடத்துக்கு “அன்றைய சந்தை வாடகை” என்று மட்டும் இருந்தால், அதிகபட்சம் இத்தனை விழுக்காடு உயர்வு என்று ஒரு வரம்பு சேர்க்கச் சொல்லுங்கள். நாம் செலவு செய்து உள்வேலை முடித்திருப்போம், கிளம்ப மனம் வராது. அது உரிமையாளருக்கும் தெரியும்.

அந்த இடம் வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள். உரிமையாளர் தவணை கட்டத் தவறினால் நடுவில் மாட்டிக்கொள்வது நாம்தான்.

டெபாசிட் பொதுவாக இரண்டு அல்லது மூன்று மாத வாடகை. மின்சாரம், தண்ணீருக்குத் தனியாக அரை மாதமோ ஒரு மாதமோ. அதோடு முதல் மாத வாடகை. 2025 ஜூலை 1 முதல் வாடகைச் சேவைக்கும் சேவை வரி வந்திருக்கிறது. உரிமையாளர் அதற்குப் பதிவு செய்தவரா, சிறு வாடகைதாரருக்கான விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டு வரவு செலவு போடுங்கள்.

முத்திரை வரிக் கணக்கு எளிது. ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 3 வெள்ளி. மாதம் 6,750 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 81,000. அதை 250-ஆல் வகுத்தால் 324. மூன்றால் பெருக்கினால் 972 வெள்ளி. முதல் 2,400 வெள்ளிக்கு முன்பு இருந்த விலக்கு 2025 தொடக்கத்திலிருந்து இல்லை.

கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரையிட வேண்டும். ஆனால் முப்பதாவது நாள் வரை காத்திருக்காதீர்கள். அடுத்து வரும் ஒவ்வொரு முகப்பிலும் கேட்பது முத்திரையிட்ட ஒப்பந்தத்தைத்தான்: மின்சாரக் கணக்கு, மாநகர் மன்ற உரிமம், வங்கி எல்லாமே. எங்களுடையது இரண்டு வாரம் ஒரு மேசையில் தூங்கியது. பின்னால் இருந்த எல்லாமும் இரண்டு வாரம் தூங்கின.

7. முத்திரை வந்த அன்றே இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் விண்ணப்பியுங்கள்

உள்வேலை முடியட்டும் என்று காத்திருப்பவர்கள், புது மேசை, புது நாற்காலி எல்லாம் வந்தபிறகு கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறார்கள். ஜாலான் ஈப்போ ஆலோசகர் பதினோரு நாள் அப்படி ஓட்டினார். மின்தாக்கல் நடுவில் அறுந்து அறுந்து, கடைசியில் பக்கத்து மாமாக் கடை வைஃபையில் உட்கார்ந்து அனுப்பினார். மூன்று தே தாரிக், ஒரு ஃபார்ம் சி.

03-இல் தொடங்கும் தொலைபேசி எண்ணை மாற்றாமல் கொண்டுபோக முடியுமா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். பழைய இணைய இணைப்பை மாறிய பின் ஒரு வாரமாவது வைத்திருங்கள். சர்வரைத் திரும்பப் பழைய இடத்தில் ஓட்ட வேண்டி வந்தால் அது கைகொடுக்கும். டி.என்.பி மின்சாரக் கணக்கை நிறுவனத்தின் பெயரிலேயே திறங்கள், உரிமையாளர் பெயரில் விடாதீர்கள். அவர் கட்டாமல் விட்டால் இருட்டில் உட்காருவது நீங்கள்.

8. உள்வேலை

கட்டட நிர்வாகத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கி, உள்வேலை டெபாசிட் கட்டிய பிறகுதான் ஒப்பந்தக்காரர் உள்ளே வர முடியும். இடிக்கும், துளைக்கும் வேலைகளைப் பல கட்டடங்களில் ஆறு மணிக்கு மேல்தான் விடுவார்கள். ஆகவே “இரண்டு வாரம்” என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் நான்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்ட அறைக்குக் கூரை வரை சுவர் எழுப்பினால், தீயணைப்புத் தெளிப்பானும் புகை உணரியும் அந்த அறைக்குள்ளும் வர வேண்டும். அதை மறந்து சுவரைக் கட்டி, திரும்ப உடைப்பதுதான் புதியவர்களின் பொதுவான செலவு. மின்செருகிகளைக் குறிக்கும்போது நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து குறியுங்கள். வரைபடத்தில் சரியாகத் தெரிவது அலமாரிக்குப் பின்னால் போய்விடும்.

9. முகவரி மாற்றம்: இங்கே வரிசை தவறினால் ஆபத்து

முகவரியை எங்கே மாற்றினாலும் “முந்தைய ஆதாரம் காட்டு” என்பார்கள். அதனால் மேலிருந்து கீழே வர வேண்டும்.

முதலில் நிறுவன இயக்குநர்களின் தீர்மானம், அப்புறம் நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம். நிறுவனச் சட்டம் 46-ஆவது பிரிவின்படி, பதிவு அலுவலகம் மாறினால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இது நம் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் என்றால் ஐந்து நிமிட வேலை.

செயலாளர் பணி பார்க்கிறவர்களுக்கு அப்படி அல்ல. வாடிக்கையாளர் நிறுவனங்களின் பதிவு அலுவலகமும் நம் முகவரிதான். எங்களிடம் 160 நிறுவனங்கள். அதாவது 160 தீர்மானங்கள், 160 இயக்குநர் குழுக்களின் கையெழுத்து, 160 தாக்கல்கள், எல்லாம் அதே 14 நாளுக்குள். இயக்குநர்களில் பாதிப் பேர் ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள்.

தாமதமானால் அபராதத்தோடு போகாது. கடன் கொடுத்தவர் ஒரு நிறுவனத்தைக் கலைக்கக் கோரும் முன் அனுப்பும் அறிவிப்பு பதிவு அலுவலகத்துக்குத்தான் வரும். பதில் சொல்ல 21 நாள். அந்தக் கடிதம் காலியான பழைய அலுவலகக் கதவின் கீழ் மூன்று வாரம் கிடந்தால், வாடிக்கையாளருக்கு விஷயம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அப்புறம் அவர் தேடி வருவது நம்மைத்தான்.

நாங்கள் செய்த முறை இது. மாறும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே எல்லா வாடிக்கையாளருக்கும் தீர்மான வரைவை அனுப்பினோம். எல்லாவற்றுக்கும் ஒரே நடைமுறைத் தேதி. கையெழுத்தாகி வந்தவை பச்சை, வராதவை சிவப்பு என்று சுவரில் ஒரு பட்டியல். கடைசி வாரம் சிவப்பில் 19 பேர். ஒவ்வொருவருக்கும் போன். தாக்கல் கட்டணத்தையோ வேலைக் கட்டணத்தையோ வாடிக்கையாளரிடம் கேட்கவில்லை. மாறுவது நம் வசதிக்கு. அதற்கு அவரிடம் பில் நீட்டினால் வேறு செயலாளரைத் தேடுவார்.

அடுத்த சுற்று: உள்நாட்டு வருமான வாரியம் (வருமான வரி), இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), எச்.ஆர்.டி கார்ப் (மனிதவள மேம்பாடு). மின்னியல் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) மென்பொருளில் உள்ள நம் முகவரியைப் பலர் மறக்கிறார்கள். மாறிய மறுநாள் போகும் முதல் விலைப்பட்டியலிலேயே பழைய முகவரி இருக்கும்.

தொழில்முறை அமைப்புகள் அதற்கப்புறம். கணக்காய்வாளர்களுக்கு எம்.ஐ.ஏ (மலேசியக் கணக்காளர் கழகம்), வழக்கறிஞர்களுக்கு வழக்கறிஞர் மன்றம். வழக்கறிஞர்கள் நடப்பு வழக்கு ஒவ்வொன்றிலும் எதிர்த்தரப்புக்கும் நீதிமன்றத்துக்கும் முகவரி மாற்ற அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதற்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநகர் மன்றத்தின் வளாக உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் முகவரியோடு கட்டுண்டவை, பழையதைச் சுமந்துகொண்டு போக முடியாது. கூட்டரசுப் பிரதேச எல்லையைத் தாண்டிப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனால் அலுவலகமே வேறு, அங்கே எம்.பி.பி.ஜே (பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம்). பெயர்ப்பலகையில் தேசிய மொழிக்கு முதன்மை வேண்டும், வாசகத்துக்கு டேவான் பஹாசா என்ற தேசிய மொழி நிறுவனத்தின் மொழிச் சரிபார்ப்பும் வேண்டும். தமிழில் பெயர் போட ஆசைப்பட்டால் அளவையும் இடத்தையும் மாநகர் மன்ற முகப்பில் கேட்டுவிட்டு, அப்புறம் பலகைக்காரரிடம் போங்கள். பலகையைச் செய்துவிட்டு விண்ணப்பித்தவர்கள் இரண்டு பலகைக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

வங்கி கடைசி, எஸ்.எஸ்.எம் பதிவு புது முகவரியைக் காட்டும் வரை அவர்கள் அசையமாட்டார்கள். காப்பீட்டை மட்டும் வரிசையில் நிறுத்தாமல், லோரி கிளம்பும் முன்பே புது முகவரிக்கு மாற்றி எழுதி வாங்குங்கள்.

10. கட்டுவதும் நகர்த்துவதும்

பெட்டியில் “கணக்குப் பிரிவு, மேனகா அக்கா மேசை” என்று எழுதாதீர்கள். தூக்குபவர்கள் நேப்பாளிகளாகவோ வங்காளதேசிகளாகவோ இருப்பார்கள். எண்ணும் நிறமும் போதும். புது இடத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எண். வாசலில் வரைபடத்தைப் பெரிதாக ஒட்டிவிடுங்கள். ஒட்டுத்தாளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். மேலே ஒட்டினால், அடுக்கியதும் எதுவும் தெரியாது.

கோப்புகளைப் பெரிய பெட்டியில் போட்டால் அடி கழன்று போகும். ஏ4 தாள் வரும் அட்டைப்பெட்டி சரியான அளவு; மூன்று மாதம் முன்பிருந்தே எறியாமல் சேர்த்து வையுங்கள்.

லோரியில் ஏறக்கூடாதவை: நிறுவன முத்திரைகள், சட்டப் பதிவேடுகள், காசோலைப் புத்தகங்கள், மென்பொருளைத் திறக்கக் கணினியில் செருகும் டாங்கிள்கள், சர்வர். இவை பங்குதாரர் காரில், பட்டியலோடு, இருவர் கையெழுத்துடன் போக வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை இருக்கிறது. வாடிக்கையாளர் விவரங்கள் நிறைந்த ஒரு பெட்டி தொலைந்தாலும் அந்தக் கேள்வி வரும். ஏற்றும்போது எண்ணி, இறக்கும்போது எண்ணுங்கள்.

சர்வரைக் கழற்றுமுன் காப்பு நகல் எடுப்பது எல்லோரும் செய்வது. அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்த்தவர்கள் குறைவு. திறந்து பாருங்கள். கம்பிகளைப் பிடுங்குமுன் கைப்பேசியில் நாலு படம். வாடகைக்கு எடுத்த நகலெடுக்கும் இயந்திரத்தை அந்த நிறுவனத்தின் ஆள்தான் நகர்த்த வேண்டும். நம் ஆட்கள் சாய்த்துத் தூக்கி டோனர் கொட்டினால் பழுதுச் செலவு நம் தலையில்.

சரக்கு மின்தூக்கியை இரண்டு கட்டடத்திலும் முன்பதிவு செய்யுங்கள். பழைய இடம் கடைவீடு என்றால் மின்தூக்கி இருக்காது. படிக்கட்டுக்குத் தனி விலை கேட்பார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

11. பால் காய்ச்சுவதற்கு முன் புகை உணரி

லோரி வரும் முன் நல்ல நேரத்தில் ஒரு சின்னக் கணபதி ஹோமம் என்று எங்கள் ஐயா முடிவு செய்தார். ஐயரும் வந்துவிட்டார். கட்டட நிர்வாகத்திடம் நான் சொன்னது “சின்னப் பூஜை” என்று. நெய் ஊற்றிப் பத்து நிமிடத்தில் மாடி முழுக்க அலாரம். இருபது மாடி ஜனங்களும் படிக்கட்டில் இறங்கி வாசலில் நிற்க, பாதுகாவலர் தீயணைப்பானோடு உள்ளே வந்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

“புகை வரும்” என்ற சொல்லைப் போட்டு எழுத்தில் அனுமதி கேளுங்கள். அந்தப் பகுதியின் உணரிகளை மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்கு முடக்கி, ஒரு தொழில்நுட்பரைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். மறுக்கும் கட்டடங்களும் உண்டு. அப்படியென்றால் ஹோமத்தைக் கோயிலில் முடித்துவிட்டு, அலுவலகத்தில் மின்அடுப்பில் பால் காய்ச்சலாம்.

12. பழைய இடத்தை ஒப்படைத்தல்

மாறிய களைப்பில் இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் டெபாசிட் அங்கேதான் இருக்கிறது. உரிமையாளரோடு சேர்ந்து அறை அறையாக நடந்து பாருங்கள், படம் எடுங்கள், மின்சார மீட்டர் எண்ணைக் குறியுங்கள், அன்றே இருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள். சாவியைத் தந்ததற்கும் ரசீது வாங்குங்கள்.

கூகுள் வரைபடத்திலும் வேஸ் வழிகாட்டிச் செயலியிலும் முகவரியை மாற்றும்போது, குறியைச் சரியான நுழைவாயிலில் வையுங்கள். எங்களுடையது முதலில் கட்டடத்தின் பின்பக்கம் குப்பை அறைக்கு எதிரே விழுந்தது. அந்தத் துணிக்கடை முதலாளி அங்கே காரை நிறுத்திவிட்டு, வழக்கம்போல, “தம்பி, கணக்கைக் கீழே கொண்டு வாப்பா” என்று போன் பண்ணினார். போய் அழைத்து வந்து மின்தூக்கியில் ஏற்றினோம்.

பழைய கதவில் புது முகவரித் தாளை ஒட்ட உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். மூன்று மாதத்துக்கு வாரம் ஒருமுறை யாராவது போய்க் கடிதம் எடுத்து வர வேண்டும். லெபோ அம்பாங்கில் கீழ்க்கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் கூடை கொடுத்து வைத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அலுவலகப் பையன் மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி எடுத்து வருவான். பதினோராவது வாரத்திலும் அதில் வருமான வாரியத்தின் கடிதம் ஒன்று இருந்தது.